யார் போடும் மதிப்பெண்?

நோயாளியின் வாழ்க்கை எந்த அளவில் இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது மருத்துவப் பொருளியல். அதன் கையில் அதிகம் புழங்குவது இக்யூ-5டி என்ற படிவம். நடமாட்டம், குளிப்பது உடுத்துவது போன்ற சொந்தக் காரியங்கள், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்விகள். கேள்விக்கு ஐந்து படிகள். நிரப்பச் சில நிமிடம் போதும். இதில் மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. சில நிலைகளின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்பது அதன் பொருள்.

இந்த மதிப்புகளைப் போட்டவர்கள் நோயாளிகள் அல்லர். பிரிட்டனில் 1993-இல், கேள்விக்கு மூன்றே படிகள் இருந்த பழைய வடிவத்துக்காக, பொதுமக்கள் சுமார் 3,000 பேரிடம் கேட்டார்கள்: இந்த உடல்நிலையில் பத்தாண்டு வாழ்வதற்குப் பதிலாக, நல்ல உடம்போடு எத்தனை ஆண்டு வாழ்ந்தால் போதும் என்பீர்கள்? வந்த பதில்களே விலைப்பட்டியல் ஆயின. இந்தியாவுக்கும் 2022-இல் தனிப் பட்டியல் வந்துவிட்டது.

மருத்துவச் செலவு வரிப்பணம், ஆகவே வரி கட்டுபவர்களின் சொல்லே செல்லும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் ஆரோக்கியமானவரின் கற்பனை தவறிவிடுகிறது. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் கையடக்கக் கருவி கொடுத்து, ஒரு வாரம் அவ்வப்போது மனநிலையைக் கேட்டார்கள். ஆரோக்கியமானவர்களின் மனநிலைக்கும் அவர்களுடையதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டயாலிசிஸ் வாழ்க்கையைக் கற்பனை செய்யச் சொன்னபோதோ, ஆரோக்கியமானவர்கள் அதை மிக இருண்டதாக எண்ணினார்கள்.

அப்படியானால் நோயாளியே மதிப்பெண் போடட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் சிக்கல். வேலையை விட்டு, ஊர்ப் பயணத்தை விட்டு, கடைசியில் வாசல்வரை நடப்பதே அன்றாட வேலை என்றானவர், "அன்றாட வேலையில் சிரமமில்லை" என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். அது பொய்யல்ல, பழகிவிட்டது. ஆனால் அவரைக் குணப்படுத்துவதால் பெரிய லாபமில்லை என்று கணக்கு காட்டும். பொறுத்துக்கொண்டவருக்குத் தண்டனை!

ஆகவே, படிவம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே நியாயம் மாறுகிறது. இங்கிலாந்தில் 2009 முதல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதே படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். ஒருவரின் நேற்றை அவருடைய இன்றோடு ஒப்பிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. எக்ஸ்ரே காட்டாததை அது காட்டும். எந்த மருத்துவமனையும் தயங்காமல் செய்யலாம்.

உயிர்காக்கும் மருந்துக்குப் பணம் ஒதுக்கும்போது கதை வேறு. எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் மதிப்பை ஆண்டுகளால் பெருக்கி, ஒரு முழுநல ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்ட் என்ற வரம்பை நீண்ட காலம் வைத்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே போட்டால், சக்கர நாற்காலியில் இருப்பவரின் பத்தாண்டு, நடப்பவரின் பத்தாண்டைவிட மலிவாகிவிடும். இது தவறு. உயிரை நீட்டிக்கும் சிகிச்சையில் ஆண்டுகளை மட்டும் எண்ண வேண்டும்; நாற்காலியை எண்ணக் கூடாது.

இந்த ஆட்சேபம் புதிதல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான சிகிச்சைகளை முன்னுரிமைப்படி வரிசையிட்டபோது, பொதுமக்களிடம் கேட்டுப் பெற்ற இத்தகைய மதிப்புகளையும் கணக்கில் சேர்த்தது. ஊனமுற்றோருக்குப் பாகுபாடு என்று 1992-இல் மத்திய அரசு அத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்திய பிறகே, 1993-இல், அனுமதி கிடைத்தது.