திருக்கோளூரிலிருந்து மூன்று கிலோமீட்டர்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 30-ல் அயோத்தி விமான நிலையம் திறந்ததிலிருந்து, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாகைகுளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், ஏறினால் சென்னைக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே விமானம் மாற வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பார்களோ, அதைப் பொறுத்தது மீதி. நேர்கோட்டில் அளந்தால் 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மதுரகவியாழ்வார் ஞாபகம்தான் வரும்.

அவருக்குச் சொந்த ஊர் திருக்கோளூர். ஆழ்வார்திருநகரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்தபோது ராத்திரி தெற்கே ஒரு ஒளி தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாராம். ஒளி கொண்டுவந்து விட்ட இடம் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடி. அங்கே உட்கார்ந்திருந்தவர் நம்மாழ்வார், 16 வயசு.

‘மூணு கிலோமீட்டர்ல இருந்ததுக்கு இம்புட்டுத் தூரம் சுத்தணுமாக்கும்?’ என்று நம்மூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. மதுரகவி வயதில் மூத்தவர். ஊரிலேயே இருந்திருந்தால், நம்மாழ்வாரின் தகப்பனார் காரியார் வீட்டில் பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை, பேச்சும் வரவில்லை என்று மற்றவர்களோடு சேர்ந்து அவரும் உச்சுக்கொட்டியிருப்பார். நல்ல வைத்தியராகப் பார்த்துக் காட்டச் சொல்லியிருப்பார். பக்கத்து ஊர்ப் பையனைக் குரு என்று கும்பிட யாருக்கு மனசு வரும்? அந்த ஒளி கண்ணில் பட அயோத்தி வரைக்கும் தள்ளிப் போக வேண்டியிருந்தது. அப்படி வந்தவர் பாடியது 11 பாசுரம்; அத்தனையும் நம்மாழ்வார் மேல்தான்.

மரத்தடியில் இருந்தவரோ எங்கும் போகவில்லை. திருவேங்கடம், திருவனந்தபுரம் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார். பெருமாள்களே புளியமரத்துக்கு வந்து பாட்டு வாங்கிப் போனார்கள் என்பார்கள். இதை வைத்து, மனசு சுத்தமாக இருந்தால் எங்கேயும் போக வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. (என் பிழைப்புக்கு ஆகாத செய்தி. அதற்காக மறுக்கவில்லை.) அதே நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு தாயாக நின்று, மகள் வீட்டை விட்டுத் திருக்கோளூருக்குக் கிளம்பிப் போய்விட்டாள் என்று புலம்புகிறார். பக்கத்து ஊர்தானே என்று அந்தத் தாய் ஆறுதல்பட்டுக்கொள்ளவில்லை. போன பெண் என்ன பாடுபடுகிறாளோ என்றே தவிக்கிறாள்.

திருக்கோளூருக்கு உள்ளேயே இருந்தவள் கதை இன்னும் விசேஷம். ராமானுஜர் ஊருக்குள் நுழையும்போது ஒரு பெண் வெளியேறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் வந்து சேரத் துடிக்கும் ஊரை விட்டு நீ ஏன் போகிறாய் என்று கேட்டார். இன்னார் செய்ததுபோல் நான் செய்தேனா, அன்னார் செய்ததுபோல் செய்தேனா என்று 81 வாக்கியம் சொன்னாள். கோயில் பக்கத்திலேயே குடியிருந்தும், தான் எட்டாத தூரத்தில் இருப்பதாகவே அவளுக்குப் பட்டிருக்கிறது. ராமானுஜர் அவளைத் திருப்பி அழைத்துப்போய் அவள் வீட்டிலேயே சாப்பிட்டார்.

போன மாதம் அயோத்திக்கு டிக்கெட் போட ஒரு ஆச்சி வந்தார். ஆழ்வார்திருநகரிப் பக்கம். “திருக்கோளூர் போயிருக்கீங்களா ஆச்சி?” என்றேன்.

“இல்ல யய்யா. அது எங்க ஓடிரப் போவுது?”

81 வாக்கியக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஜன்னல் சீட் கிடைக்குமா என்று கேட்டார்.