அமானிதமா, சொந்த முதலா?



வணிகம் செய்வோர் யாவரும் இருவகைப் பணத்தை அறிவோம். ஒன்று நமது சொந்த முதல். மற்றொன்று, பிறர் நம்மை நம்பிக் கொடுத்து வைத்த அமானிதம். ஊருக்குப் போகும் நண்பர் நம்மிடம் ஒப்படைத்த தொகையை எடுத்துச் சரக்குப் பிடித்தால், எவ்வளவு லாபம் வந்தாலும் அது நேர்மையான லாபம் ஆகுமா? ஒருக்காலும் ஆகாது. இதே கேள்வியைக் கேமரன் மலையை முன்வைத்தும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

1885-ல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அம்மலைநாட்டைக் கண்டு எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே செமாய் மக்கள் அக்காடுகளில் வாழ்ந்து வந்தனர். 1929-ல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்தித் தேயிலை நட்ட கைகளில் தமிழ்க் கைகள் பல. அவர்கள் செய்தது குற்றமா? அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வயிற்றுக்காக உழைப்பது குற்றமன்று. ஆனால் அந்தச் சரிவுகளில் முன்பு வாழ்ந்த மரங்களும் பறவைகளும் தேயிலைக்கு நடுவே வாழ முடியாமற் போயின என்பதும் மெய்யே. லாபத்தை எழுதினோம், செலவை எழுதவில்லை.

2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையில் இன்றும் பாசிக்காடு இருக்கிறது. மேகத்தின் ஈரத்தை அங்குள்ள பாசி பஞ்சுபோல் உறிஞ்சி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் அங்கே வளர்கின்றன. உலகம் வெப்பமாகி வரும் இக்காலத்தில் குளிர் தேடும் உயிர்கள் மேல்நோக்கி நகர்கின்றன. உச்சிக்கு மேல் அவை எங்கே போகும்?

கீழே காய்கறித் தோட்டங்களின் கதையைக் கேளுங்கள். முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கொல்ல விவசாயிகள் ஓயாது மருந்தடித்தனர். பூச்சியோ மருந்துக்குப் பழகிவிட்டது. அதற்கு எதிரியான சிறு குளவிகள்தாம் மடிந்தன. 1970-களில் வெளிநாட்டிலிருந்து ஒருவகைக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும்; பொரிந்து வரும் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். கடும் நஞ்சைக் குறைத்து, குளவியைக் கொல்லாத மருந்தைத் தெளித்த பின்னரே அந்தக் குளவி தன் வேலையைச் செய்ய முடிந்தது. கூலி கேளாத வேலைக்காரனை நாமே கொன்றுவிட்டு, அவன் வேலைக்குக் காசு கொடுத்து நஞ்சு வாங்கினோம்! இது எந்த ஊர் வியாபாரம்?

மரமிழந்த சரிவின் மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. 1963-ல் கட்டி முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் அந்த வண்டல் மலைபோல் சேர்ந்தது. நீரைத் தேக்க இடம் குறைந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழையால் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. சட்டத்தை மீறிக் காடழித்ததையும் அதற்கொரு காரணமாகப் பலர் சுட்டினர். லாபம் பெற்றவர் ஒருவர். கடனைக் கட்டியவர் வேறொருவர்.

"மக்கள் சாப்பிட வேண்டாமா? காடு யாருக்குச் சோறு போடுகிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விவசாயத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வட்டாரத்துக்கு நீரையும், பயிருக்குக் காவலையும் கொடுப்பது அந்தக் காடே. அதை அழித்துச் சாப்பிடுவது முதலைத் தின்று பிழைப்பதாகும். முதலைத் தின்ற கடை எத்தனை நாள் நிற்கும்?

மலையில் நடப்பதற்கு நமக்கென்ன என்று கடைக்காரராகிய நாம் ஒதுங்கிவிட முடியாது. ஓட்டையில்லாத கோசுதான் வேண்டும் என்று ஒதுக்கித் தள்ளியவர்களில் நானும் ஒருவன். நாம் ஒதுக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் விவசாயி இன்னொரு முறை மருந்தடிக்கிறார். இனி, குறைவாக மருந்தடிப்பவரைத் தேடி வாங்குவோம். இரண்டு காசு கூடினாலும் கொடுப்போம். காட்டிலிருந்து பிடுங்கிய குடுவைச் செடியையும், சட்டமிட்ட வண்ணத்துப்பூச்சியையும் நம் கடையில் தொங்கவிடாதிருப்போம்.

அந்த மலை நம் பாட்டனார் நமக்கு விட்டுச்சென்ற சொத்தன்று. பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பொருள், நம் கையில் சிலகாலம் இருக்கிறது. உரியவர் வந்து கேட்கும்போது, வாங்கியபடி திருப்பிக் கொடுப்பவனே நாணயமான வணிகன்.