ஏற்கும் கை

கொடுத்தல் பற்றித் தமிழ் நூல்கள் பேசிய அளவுக்கு ஏற்றல் பற்றிப் பேசவில்லை. பேசிய சில இடங்களிலும் அதனை இழிவாகவே பேசின. ஆத்திசூடி பயிலும் சிறுவனும் இரந்து பெறுவது இகழத்தக்கது என்றே கற்கிறான். ஈகையைப் புகழின் வாயிலாகக் கண்ட வள்ளுவர், இரவச்சம் என ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் என்னும் புலவர், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் முன் நின்று நான்கு படிகளை அடுக்கிக் காட்டுகிறார். கேட்பது தாழ்வு, கேட்டவனிடம் கையை விரிப்பது இன்னும் தாழ்வு, மனமுவந்து வழங்குவது உயர்வு, வழங்கியதை வாங்க மறுப்பதோ அந்த உயர்வையும் கடந்தது என்பது அவர் கருத்து. பரிசில் நாடி வந்த புலவரே இவ்வாறு பாடினார் என்பதில்தான் அப்பாட்டின் மிடுக்கு இருக்கிறது.

இத்தகைய பெருமித மரபில் வளர்ந்த நம்மிடம் கிறிஸ்து பிறப்பு விழா ஒரு விந்தையான செய்தியைக் கொண்டுவருகிறது. அப்பிறப்பு கடவுள் மாந்தர்க்கு அளித்த கொடை என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. உழைத்து ஈட்ட இயலாத, விலை கொடுத்து வாங்க இயலாத கொடை அது; மனிதன் அதன் முன் செய்யக்கூடியது ஏற்றுக்கொள்வது ஒன்றே. மறுப்பது எல்லாவற்றினும் உயர்ந்தது என்ற புலவரின் நான்காம் படி, இவ்விடத்தில் வீழ்ச்சியின் முதற்படியாகி விடுகிறது. இவ்விரண்டில் எதனை அறம் என்பது? கிறிஸ்தவரல்லாதாரும் ஆராயத்தக்க வினா இது. ஏனெனில் உயிர், தாய்ப்பால், தாய்மொழி என எவரிடமிருந்தோ பெற்றவற்றைக் கொண்டே எல்லாரும் வாழ்கிறோம்.

டிசம்பர்த் திங்களில் நம் அலுவலகங்களிலும் இளைஞர் குழுக்களிலும் நடைபெறும் பரிசுப் பரிமாற்றத்தை முதலில் எண்ணிப் பார்க்கலாம். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கிறார்கள். இத்தனை வெள்ளிக்கு மேற்படாமலும் அதற்குக் குறையாமலும் வாங்க வேண்டும் என்று வரம்பு விதிக்கிறார்கள். விழா முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததன் விலையையும் பெற்றதன் விலையையும் மனத்துக்குள் ஒப்பிட்டுக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். இதில் மகிழ்ச்சி உண்டு. அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் இதற்கு வள்ளுவர் தரும் பெயர் ஈகையன்று. அளந்து கொடுத்து, அதே அளவில் திரும்பப் பெறுவதைக் குறியெதிர்ப்பை என்னும் அருஞ்சொல்லால் குறித்து, வறியவர்க்குக் கொடுப்பது தவிர ஏனைய கொடைகள் யாவும் அத்தன்மையுடையனவே என்று ஒதுக்கிவிடுகிறார். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடை பற்றி 1925இல் வெளியிட்ட தம் ஆய்வுரையில், பழங்குடிச் சமுதாயங்களில் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் தட்டமுடியாத கடமைகளாக இருந்ததைக் காட்டினார். பழங்குடிகளை விட்டுவிடுவோம். திருமண வீட்டில் மொய் எழுதும் நம் குறிப்பேடு வேறு என்ன சொல்கிறது?

கணக்கு வழக்கில்லாத கொடை ஒன்று உண்டென்று சொன்னவர்களுள் பவுல் குறிப்பிடத்தக்கவர். உரோமையர்க்கு எழுதிய மடலில், பாவத்தால் வருவதைக் கூலி என்றும் கடவுளிடமிருந்து வருவதைக் கொடை என்றும் அவர் எதிர்நிறுத்துகிறார். கிரேக்க மூலத்தில் அவர் கூலிக்கு ஆண்ட சொல், போர்வீரனுக்கு அளந்து கொடுக்கும் படியைக் குறிப்பது. இந்நாட்டுத் தமிழர்க்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மலாயாவின் இரப்பர்க் காடுகளுக்கு வந்த நம் முன்னோர்க்குக் கூலி என்பது அவர்கள் பெற்ற ஊதியமாக மட்டும் இருந்திருக்கக் கூடாதா? அதுவே அவர்களின் பெயராகவும் ஆக்கப்பட்டது. பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவனின் ஒரு நாளைய வாழ்வு, கிராணியாரின் ஏட்டில் ஒரு குறியாகப் பதிந்தது. அவ்வாறு வாழ்ந்த ஒரு சமுதாயம், யாரிடமும் எதையும் சும்மா வாங்கவில்லை என்பதையே தன் மானமாகக் கொண்டதில் வியப்பில்லை. அவர்களிடம் சென்று, நீங்கள் ஈட்டாத ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிதாக இருந்திராது.

ஆகவே கழைதின் யானையாரின் மறுப்புக்கு உரிய மதிப்பை முதலில் கொடுக்கவேண்டும். கொடுப்பவன் கை மேலே. வாங்குபவன் கை கீழே. வாங்கிய மறுகணமே இருவரின் உயரமும் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே சான்றோன் வேண்டாம் என்கிறான். கொடுப்பவன் மேலே நிற்கும் வரை அம்மறுப்பு நேரியதே என்பது என் கருத்து. டிசம்பரில் முதியோர் இல்லங்களுக்குப் பொட்டலங்களுடன் சென்று, பெறுகின்றவரின் தளர்ந்த கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரைக் காணும்போது, அம்முதியவருள் ஒருவராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாகாதா எனத் தோன்றுவதுண்டு.

ஆனால் பெத்லகேமில் கொடை எந்த உருவில் வந்தது? லூக்கா தம் நற்செய்தியில் எழுதியிருப்பதை மெல்லப் படித்தால் இது விளங்கும். குழந்தை துணியில் சுற்றப்பட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. அதற்கு விடுதியில் இடமில்லை. பின்னர் எருசலேம் கோயிலில் அதன் பொருட்டுச் செலுத்தப்படும் காணிக்கை பறவைகள் இரண்டு. ஆட்டுக்குட்டி செலுத்த வசதியில்லாதவர்க்கு யூதச் சட்டம் அனுமதித்த ஏழையின் காணிக்கை அது. கொடுக்க வந்தவர் முதலில் பெறுபவராகவே வருகிறார். அவருக்குத் துணி வேண்டும், பால் வேண்டும், தூக்கிக்கொள்ள இரு கைகள் வேண்டும். தம்மை வெறுமையாக்கிக்கொண்டவர் என்று பவுல் கிறிஸ்துவைப் பற்றி வேறொரு மடலில் கூறுவதன் பொருள் இங்கே கண்கூடாகிறது. கொடுப்பவனின் கை கீழே இறங்கிவிட்டது. ஒரு வள்ளலை நோக்கி வேண்டாம் என்று சொல்லும் புலவனின் தலைநிமிர்வு நமக்குப் புரிகிறது. கையில் கிடத்தப்படும் பச்சிளங்குழந்தையை நோக்கி அச்சொல்லைச் சொல்பவன் எந்த மானத்தைக் காக்கிறான்?

ஏற்றல் என்பது வெறுங்கையோடு அமர்ந்திருத்தல் என்று கருதுவாரும் உளர். அவர்கள் யோசேப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். தம்மால் பிறவாத மகவைத் தம்முடையதாக ஏற்றவர் அவர். மத்தேயு கூறும் வரலாற்றில், மரியாளை ஓசையின்றி விலக்கிவிட எண்ணியவர், கனவில் செய்தி பெற்று அவரை மனைவியாக ஏற்கிறார். ஏரோதின் வாளுக்குத் தப்ப, தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொற்கூட இல்லை. பெற்ற கொடை அவர் தோள்மீது சுமையாயிற்று, அவர் சுமந்தார். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியின் 3615 பாடல்களுக்கும் தலைவராக இந்த வாய்பேசாத் தச்சரையே தேர்ந்தெடுத்தார். வளன் என்று தமிழ்ப் பெயரும் சூட்டினார். வழங்கிய வள்ளல்களைப் பாடிய தமிழில், ஏற்றுக்கொண்ட ஒருவரைக் காப்பியத் தலைவராக்கிய துணிவு பற்றி நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்றே எண்ணுகிறேன்.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: நம்பிக்கை கொள்ளவேண்டும் என்று கேட்கும் கொடை, விலையற்றது ஆகுமா? நம்பிக்கையே அதன் விலையல்லவா? நேர்மையான கேள்வி இது. கையை நீட்டுவது பொருளுக்கு விலையாகாது என்று சமயநூலார் விடை கூறுவர். அந்த விடை கொள்கையளவில் சரியே. வரலாறு அத்தனை தூய்மையாக இல்லை. பஞ்சக் காலத்தில் சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற பழியும், அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏளனப் பெயரும் வழங்கியதுண்டு. பழிக்கப்பட்டவர்களுள் மனமார ஏற்றவர் பலர் இருந்திருப்பர். எனினும் எங்கெல்லாம் கொடை தூண்டிலாக்கப்பட்டதோ, அங்கெல்லாம் தொட்டிலில் கிடந்த குழந்தையின் இடத்தில் மறுபடியும் மேலே நிற்கும் வள்ளல் வந்து நின்றுகொண்டார். அங்கே மறுத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ட்டின் லூதர் 1546 பிப்ரவரியில் இறந்தபோது, அவர் இறுதியாக எழுதிய சிறு குறிப்பொன்று கிடைத்தது. நாம் அனைவரும் இரவலரே, இது உண்மை என்னும் கருத்தோடு அக்குறிப்பு முடிகிறது. வாழ்நாளெல்லாம் எழுதிக் குவித்த பேரறிஞர் கடைசியில் வந்தடைந்த இடம் அது. இரவச்சம் படித்து வளர்ந்த நமக்கு அச்சொல் உறுத்தும். ஆனால் தமிழின் சமய இலக்கியம் அச்சொல்லை அறியாததன்று. இறைவன் தன்னையே தந்து அடியவனை எடுத்துக்கொண்ட பரிமாற்றத்தில் வல்லவர் யார் என்று மணிவாசகர் வியந்து கேட்கவில்லையா? அந்தத் திருவாசகத்தை முழுவதும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி.யு. போப் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். இரண்டும் ஒன்றே என்று நான் சமன்செய்ய மாட்டேன். சிவன் அடியவனின் உள்ளத்தில் தந்ததைக் கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு தாயின் மடியில் நிகழ்ந்ததாகக் கூறுகிறார்கள். அந்த வேறுபாடு சிறிதன்று. எனினும் கணக்குப் பார்த்தால் தாம் தோற்றுப்போவோம் என்பதை இரு சாராரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

கிறிஸ்து பிறப்புக் காட்சியை வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் பலர், கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் கையில் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வரைந்தனர். அது மத்தேயு சொன்னபடியே. குழந்தையைக் காண வந்த இடையர்களின் கையிலும் அவர்கள் ஓர் ஆட்டுக்குட்டியை வரைந்தார்கள். வெறுங்கையோடு ஒருவர் வந்து நிற்பதை அவர்களின் மனம் ஒப்பவில்லை போலும். லூக்கா எழுதியதில் அந்த ஆட்டுக்குட்டி இல்லை. இடையர்கள் விரைந்து வந்தார்கள், கண்டார்கள், கண்டதைப் பிறருக்குச் சொன்னார்கள், கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள். கொண்டுவந்து கொடுத்ததாக எதுவும் எழுதப்படவில்லை.