வரவும் செலவும்



கடைக்காரன் இரவில் கடையை அடைக்குமுன் கணக்குப் பார்க்கிறான். பத்து ரூபாய் குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தேடாமல் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அழிந்துபோகும் பணத்துக்கு இவ்வளவு கவனம் என்றால், அழியாத ஆத்துமத்தின் கணக்கை நாம் எப்போது பார்க்கிறோம்?

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்கிறோமே" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனையில் யாருடைய பாவத்தைத் தேடுகிறோம்? "கோபப்பட்டேன்" என்று தொடங்குகிறோம், "மருமகள் அப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது?" என்று உடனே சேர்த்துக்கொள்ளுகிறோம். முடிவில் நம் பாவம் சிறுத்து, பிறர் பாவம் பெருத்து நிற்கிறது.

வேறு சிலர், "நான் மகா பாவி, ஒன்றுக்கும் உதவாதவன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லுவார்கள். அவர்களிடம் போய், "ஐயா, நேற்று அந்த ஏழையின் கூலியைக் குறைத்தீரே, அது நியாயமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் கறுத்துவிடும். பொதுவாகப் பாவி என்று சொல்லிக்கொள்வதில் வலியில்லை. ஒரு குற்றத்தைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்வதில்தான் வலி. தாழ்ச்சியாவது உண்மையில் நடப்பதே என்று அவிலா நகர் அர்ச். தெரேசம்மாள் கற்பித்தாள். ஆகையால் இல்லாத குற்றத்தைக் கூட்டுவதும் தாழ்ச்சியல்ல, உள்ளதை மறைப்பதும் தாழ்ச்சியல்ல.

அந்த உண்மையைக் காண வழி என்ன? 1521-ம் ஆண்டு பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து மனந்திரும்பிய போர்வீரரான அர்ச். இஞ்ஞாசியார் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1548-ல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த அவருடைய ஞானப் பயிற்சி நூலில், ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவது. இரண்டாவது, பாவங்களை அறிய வரப்பிரசாதம் கேட்பது. மூன்றாவது, எழுந்தது முதல் மணிக்கு மணி நினைவு, சொல், செயல்களைச் சோதிப்பது. நான்காவது, மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, திருந்தப் பிரதிக்கினை செய்வது.

பாவத்தைத் தேடுமுன் நன்றி எதற்கு? வரவு எழுதாமல் செலவு எழுதினால் கணக்கு நேராகுமா? இன்று நமக்குக் கிடைத்த மூச்சும் சோறும் அன்பும் எவ்வளவு என்று அறிந்தவனுக்கே, அவற்றை எப்படிச் செலவழித்தோம் என்பது உறைக்கும். அப்போதும் தன் முதுகு தனக்குத் தெரியாது. ஆகவேதான் அடுத்த படியில் ஒளி கேட்கிறோம்.

"பரிசேயனும் நன்றி சொன்னானே!" என்று கேட்கலாம். ஆம், லூக்காஸ் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாரத்தில் இருமுறை ஒருசந்தி இருப்பதாகவும் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாகவும் அவன் சொன்னதைப் பொய்யென்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனால் அவன் வரவுப் பக்கத்தில் தன் புண்ணியத்தையும், செலவுப் பக்கத்தில் அயலானின் பாவத்தையும் எழுதினான். தன் பாவத்துக்கு அந்த ஏட்டில் இடமே இல்லை. ஆயக்காரனோ அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீதிமானாக வீடு திரும்பினான்.

கணக்குப் பார்த்து மனம் உடைந்துபோகவும் வேண்டாம். யூதாசும் வருந்தினான், இராயப்பரும் வருந்தினார். யூதாஸ் தன் குற்றத்தோடு தனியே போனான். இராயப்பர் அழுதபின் ஆண்டவரிடம் திரும்பினார்.

ஆகையால் கிறீஸ்தவர்களே, இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் மௌனமாயிருங்கள். ஒரே ஒரு குற்றத்தையாவது பெயரோடும் நேரத்தோடும் கண்டுபிடியுங்கள். அது வீட்டில் ஒருவரை நோகச் செய்திருந்தால், விடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். "உன்னை நான் திட்டியது தப்பு, மகனே" என்று தகப்பன் சொன்னால் அவன் மரியாதை குறையாது. பாவசங்கீர்த்தனம் இன்னதென்று அந்தப் பிள்ளை ஞானோபதேச வகுப்புக்குப் போகுமுன்னே வீட்டில் கற்றுக்கொள்ளும்.