பூனையின் விரதம்

ஜொகூர் பாருவில் புரட்டாசி விரதம் இருப்பவருக்கு நாசி லெமாக் கடையைத் தாண்டுவதுதான் சோதனை. கோழி பொரியும் வாசம் சாலைவரை வரும்.

1957-இல் பிரிஸ் பிரெலெங் இயக்கிய, ஆஸ்கர் வென்ற 'பேர்ட்ஸ் அனானிமஸ்' கார்ட்டூனில் சில்வெஸ்டர் பூனைக்கும் இதே பாடுதான். பறவையைத் தொடுவதில்லை என்று சபதம். தொலைக்காட்சியைப் போட்டால் அங்கேயும் பறவைக் கறி! இரவில் ட்வீட்டிப் பறவையை விழுங்கப் போனால், கூட்டாளிப் பூனை சில்வெஸ்டரின் வாயில் படிகாரத்தைக் கொட்டுகிறது. வாய் சுருங்கியும் ஆசை சுருங்கவில்லை. கடைசியில் வழுக்கி விழுவதோ, உபதேசம் செய்த அந்தக் கூட்டாளி.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையிலும் ஒரு பூனை கைதூக்கித் தவம் செய்கிறது, பக்கத்திலேயே எலிகள். அது பாசாங்கு. சில்வெஸ்டரின் கண்ணீர் அப்படியல்ல. வாய் விட்டதை மனம் விடாவிட்டால், அது விரதமா, வேஷமா? திருக்குறளில் புலால்மறுத்தலுக்கும் கூடாஒழுக்கத்துக்கும் நடுவே இருப்பது தவம் என்ற ஒரே அதிகாரம்.