வழியறியும் உரிமை

உழைப்பைப் பலருக்கும் பகிர்ந்தளித்து, அறிவை ஒருவரிடம் மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பு நீதியானதா? சமுதாயத்தைப் பற்றிய இப்பழைய கேள்வி கணினி வலையமைப்புகளைக் கட்டியோர் முன்னும் எழுந்தது.

தொலைவிலுள்ள கணினிக்குச் செல்லும் செய்தி இடையிலுள்ள பல சந்திகளைக் கடக்கிறது. அடுத்த பாதை எது என்பதை யார் தீர்மானிப்பது? 1970களில் அமெரிக்காவில் இயங்கிய டைம்நெற் வலையில் மேற்பார்வைக் கணினி ஒன்றே தீர்மானித்தது. சந்திகள் அதன் ஆணையை நிறைவேற்றின. முழுமையையும் காணும் மையம் நல்ல வழியைத் தேரும் என்பது மெய்யே. எனினும், அது வீழ்ந்தால் அதன் இடத்தை ஏற்க வேறு மேற்பார்வைக் கணினிகளை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

1969இல் தோன்றிய ஆர்ப்பாநெற் மையத்தை ஏற்கவில்லை. அங்கே ஒவ்வொரு சந்தியும் தானே கணக்கிட்டது. ஆயினும் அது அறிந்ததெல்லாம் அயற்சந்தி கூறிய தொலைவே. அயற்சந்தியோ தன் அயல் கூறியதைத் திருப்பிக் கூறியது. பாதை அறுந்த பின்னரும் ஒன்றையொன்று நம்பிய சந்திகளுக்கிடையே செய்திகள் வட்டமிட்டன. மையத்தின் ஆட்சி நீங்கிய இடத்தில் வதந்தியின் ஆட்சி அமர்ந்தது.

1979இல் முறை மாறியது. ஒவ்வொரு சந்தியும் தன்னோடு நேரே இணைந்த பாதைகளின் நிலையை மட்டும் எல்லாச் சந்திகளுக்கும் அறிவித்தது. அவ்வறிவித்தல்களைக் கொண்டு ஒவ்வொன்றும் வலை முழுவதன் படத்தையும் பெற்று, தன் வழியைத் தானே கணித்தது. உழைப்போடு அறிவும் பொதுவுடைமையாயிற்று.

ஆனால், 1980 அக்டோபர் 27ஆம் நாள் பழுதுற்ற சந்தியொன்றிலே ஓர் அறிவித்தலின் வரிசையெண் சிதைந்தது. அதனால் உலவிய மூன்று அறிவித்தல்களில் ஒவ்வொன்றும் மற்றொன்றினும் புதியதாகத் தோன்றியது. சந்திகள் யாவும் அவற்றை ஐயமின்றி ஏற்று, ஓயாது பரப்பின. வலை பல மணிநேரம் முடங்கிற்று.

இதனைக் காட்டி மையமே மேலென்று வாதிடுவோர் உளர். பொய்த் தகவலை மையமும் நம்பக்கூடும். அப்போது அதை மறுக்கும் அறிவு வேறெவரிடமும் இராது. ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான வலைக்குள் மையக் கட்டுப்பாடு இன்றும் பயன்படுகிறது. ஆயிரமாயிரம் உடைமையாளரின் வலைகள் கூடும் இணையத்தில் எவருடைய மையத்தை ஏற்பது?

ஆதலின் மையத்தை அகற்றிவிட்டால் மட்டும் விடுதலை கிட்டிவிடாது. முழுமையை அறியும் உரிமை ஒவ்வொருவருக்கும் வேண்டும். கண்டதை மட்டும் கூறும் நேர்மையும், கேட்டதைச் சோதித்து ஏற்கும் பொறுப்பும் அவ்வுரிமையைக் காக்கும் இரு கரங்களாகும்.