கீழே போட முடியாத கல்

பீர்க்கன்கரணை ஏரிக்கு அருகே ஒரு மொட்டைமாடி. ஜிஎஸ்டி சாலையின் இரைச்சல் அங்கேயும் கேட்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவரிடம் படித்த கல்லூரி மாணவன் ஒருவனும் பேசிக்கொண்டது இது.

சீடன்: ஐயா, ஸ்கைரிம் என்று ஒரு வீடியோ கேம். 2011இல் வந்தது. மூலக்கதைக்கு வெளியே அதில் கிளைவேலைகள் நிறைய உண்டு. சைட் குவெஸ்ட் என்போம். அவற்றில் ஒன்று, பாரென்சியா என்ற அரசியின் கிரீடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட 24 கற்களைத் தேடிச் சேர்ப்பது. நேற்று ராத்திரி முடித்தேன். முடித்ததும் மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. இத்தனை நேரமும் வீண்தானா?

குரு: அதைப் பிறகு பார்ப்போம். முதல் கல் எப்படிக் கைக்கு வந்தது?

சீடன்: நான் தேடிப் போகவில்லை. வைட்ரன் நகரத்தில் இறந்தவர்களை வைக்கும் மண்டபம் ஒன்று இருக்கிறது. தன் தாயத்து நிலவறையில் தொலைந்துவிட்டது, எடுத்துத் தா என்று அங்கிருந்த பூசாரி கேட்டார். இறங்கினேன். எலும்புக்கூடுகள் எழுந்து வந்தன. அடித்துப் போட்டுவிட்டுத் தேடும்போது, சின்னப் பொன்பெட்டிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கல். பையில் போட்டுக்கொண்டேன். பிறகு விற்கப் பார்த்தேன், விற்க முடியவில்லை. கீழே போடப் பார்த்தேன், போடவும் முடியவில்லை.

குரு: போட முடியாதா?

சீடன்: குவெஸ்ட் முடியும்வரை முடியாது. ஒவ்வொரு கல்லும் அரை அலகு எடை. சேரச் சேரப் பை கனக்கும்.

குரு: தெரியாமல் எடுத்தாய், எடுத்தபின் இறக்கிவைக்க இடமில்லை. சைவ சித்தாந்தத்தில் வினையைப் பற்றிப் படித்தபோது, தெரியாமல் செய்ததற்கும் ஏன் சுமக்க வேண்டும் என்று என்னோடு சண்டை போட்டாயே, நினைவிருக்கிறதா?

சீடன்: இருக்கிறது. ஆனால் வினையைப் போல இது துரத்தாது ஐயா. ஒரு கல்லைச் சுமந்துகொண்டே முழுக் கதையையும் முடித்துவிடலாம். கட்டாயம் இல்லை.

குரு: பிறகு ஏன் முடித்தாய்?

சீடன்: முடிக்காத வேலையாகப் பட்டியலில் நின்றுகொண்டே இருந்தது. உறுத்தியது.

குரு: அப்படியானால் கிரீடம் உனக்கு வேண்டியிருக்கவில்லை, உறுத்தல் போக வேண்டியிருந்தது. அது போன இடம்தான் இப்போது வெறிச்சென்று கிடக்கிறது. பரிசு என்ன?

சீடன்: புதையல்களில் இனி கூடுதலாக ரத்தினங்கள் கிடைக்கும். ஆனால் 24 கல்லையும் எடுத்து முடிப்பதற்குள் என்னிடம் எக்கச்சக்கமாகப் பொன் சேர்ந்துவிட்டது. இருப்பதை வாங்கவே அங்குள்ள கடைக்காரர்களிடம் காசில்லை.

குரு: தேவை தீர்ந்தபின் வந்த வரம். சரி, மற்றக் கற்கள் எங்கெங்கே இருந்தன?

சீடன்: விண்ட்ஹெல்ம் அரண்மனையில் மந்திரவாதியின் அறையில் ஒன்று. ஒரு கப்பலில் ஒன்று. வின்டர்ஹோல்ட் கல்லூரித் தலைவரின் அறையில் ஒன்று. அப்புறம்... சட்டென்று வரமாட்டேன் என்கிறது.

குரு: மண்டபத்துக் கல்லை மட்டும் எலும்புக்கூடுவரை சொன்னாயே.

சீடன்: மற்றவற்றைப் பட்டியல் பார்த்து எடுத்தேன். முன்னே ஆடியவர்கள் எழுதிவைத்தது. கதவைத் திற, எடு, வெளியே வா. பட்டியல் இல்லாமல் எப்படி ஐயா? எந்தக் கல் எங்கே என்று வரைபடம் காட்டாது. தால்மோர் தூதரகத்து விருந்துக்குப் போகும்போது அங்குள்ள கல்லை விட்டுவிட்டால், திரும்பப் போவது லேசில்லை.

குரு: தப்பென்று சொல்லவில்லை. முதல்முறை இந்த வீட்டுக்கு மேப் பார்த்துக்கொண்டே வந்தாய். வழியில் ஏரியைப் பார்த்தாயா என்றேன். எந்த ஏரி என்றாய். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைத் தாண்டி வந்தவன்! வழி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலை முதலில் எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்?

சீடன்: எதையும் பார்த்திருக்க முடியாது. அறை அறையாகத் துழாவியிருக்க வேண்டும்.

குரு: காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் அப்படி ஒருவர் இருந்தார், ரோஜா முத்தையா. கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. இன்று தரமணியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒருநாள் சரித்திரச் சான்றாகும் என்று அவருக்கு யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. எத்தனை சேர்த்தால் முடியும் என்றும் சொல்லவில்லை.

சீடன்: அதனால் அவரால் முடிக்க முடியவே முடியாதே ஐயா. நான் முடித்தேன். முடிப்பதும் ஒரு நன்மை இல்லையா?

குரு: (சற்று யோசித்து) ஆமாம். அதை நான் குறைத்துப் பேசிவிடக் கூடாது. எடுத்த வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

சீடன்: இன்னொன்று. 2017இல் வந்த செல்டா விளையாட்டில் கொரோக் விதைகள் என்று 900 ஒளிந்திருக்கும். 441 சேர்த்தாலே பையை முழுதாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மிச்சத்தையும் சேர்த்தால் கிடைப்பது பொன்னிறத்தில் மலம்போல் சுருண்ட ஒரு பொருள். அதைக் கொண்டு, பையைப் பெரிதாக்கித் தரும் ஹெஸ்துவை நினைத்தபோது ஆடவைக்கலாம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒருவர் எடுக்க வேண்டும் என்பதற்காக 900 வைக்கவில்லை. யார் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றாவது தட்டுப்பட வேண்டும் என்றுதான்.

குரு: நல்ல ஏற்பாடு. தேவைக்கு 441. மிச்சம் 459ம் அந்த மலைகளில் சும்மா அலைவது பிடித்தவர்களுக்கு. உன் ஆட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கலாமா?

சீடன்: தொடங்கலாம். ஆனால் எல்லா ஒளிவிடமும் அம்பலமாகிவிட்டதே. ஒரு தடவை எடுத்ததைத் திரும்ப எப்படித் தேடுவது?

குரு: பாதிக்கு மேல் நினைவில்லை என்கிறாய். அவை உனக்கு இன்னும் ஒளிந்துதான் இருக்கின்றன.

சீடன்: (சிரித்து) பட்டியலை மூடிவைத்துவிட்டா?

குரு: மூடிவைத்துவிட்டு. எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அந்த மந்திரவாதியின் அறையில் கல்லைத் தவிர வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவந்து சொல். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.